மாடிக்கடை முதலாளி

நாற்காலிக்கு அடித்துக்கொள்வதெல்லாம் பெங்களூர் சட்டசபை விதான சௌதாவில் மட்டும் நடக்கிற காரியம் என்று நினைப்பவர்கள் ஆறுமுகசாமியின் ஸ்டூலைப் பார்த்ததில்லை. மைசூர் விஜயநகரில் அவர் நடத்திய மாதேஸ்வரா ஸ்டோர்ஸ் என்ற மளிகைக் கடையில், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அது இருந்தது. பலாமரத்து ஸ்டூல். ஒரு கால் கொஞ்சம் கட்டை என்பதால் அதற்கு அடியில் சோப்பு அட்டையை மடித்துச் சொருகியிருந்தார். மேலே பழைய புடவையில் தைத்த மெத்தை. அதில் உட்கார்ந்தால் வலது கைக்குத் தராசு எட்டும், இடது கைக்குக் கல்லா எட்டும், நிமிர்ந்தால் தெருமுனை வரை தெரியும். ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது ஆறுமுகசாமியின் கட்சி.

அந்த ஆசைக்கு நியாயம் இருந்தது. கௌதள்ளி கிராமத்திலிருந்து பிழைக்க வந்த புதிதில் அவர் சந்தேபேட்டை மண்டியில் மூட்டை தூக்கினார். முதுகில் மூட்டையோடு குனிந்து நடக்கிறவனுக்கு மைசூர் என்பது வெறும் செருப்புகளும் சாக்கடைக் கல்லும்தான். இந்த ஊரில் ஓர் அரண்மனை இருப்பதே தன் புருஷனுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது என்று அவர் மனைவி பாப்பாத்தி கேலி செய்வாள். அதனால், உட்கார்ந்து சம்பாதிக்க ஓர் இடம் கிடைத்ததும் அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று இருந்தார். சாப்பிட எழுந்து போனால்கூட, பஸ்ஸில் ஜன்னல் வழியாக சீட்டுப் பிடிக்கிற மாதிரி, ஸ்டூலின் மேல் துண்டைப் போட்டுவிட்டுத்தான் போவார். பாப்பாத்திக்கும் அதில் உட்கார அனுமதி கிடையாது. அவளுடைய இடம் பின்னறையில், வெல்ல மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு மணை. கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அந்த மணையில் உட்கார்ந்து பருப்புப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு ஆசையாகக் கடை வைத்தவருக்கு ஒரே ஒரு தொந்தரவுதான். கடைக்கு ஆட்கள் வந்தார்கள்.

விஜயநகர் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் பென்ஷன்காரர்கள். நேரம் அவர்களிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. துவரம்பருப்பை எடுத்து வாயில் போட்டு, மென்று, முகத்தைச் சுளித்து, அதற்கப்புறம் வாங்குவார்கள். போன மாதம் வாங்கிய ரவையில் புழு இருந்த சமாசாரத்தை, அந்த ரவையை உப்புமா செய்து சாப்பிட்டு முடித்த பிறகு வந்து சொல்வார்கள். பேரனுக்கு அமெரிக்கா விசா கிடைக்காத கதையைக் கால் கிலோ கடுகுக்கு நடுவில் ஆரம்பிப்பார்கள். எல்லாம் ஆகி, பை நிறைந்ததும் கையை நீட்டுவார்கள். கொசுறு! பெரியவர்களுக்கு ஒரு கொத்துக் கருவேப்பிலை, குழந்தைகளுக்கு ஒரு துண்டு வெல்லம். கொசுறு கொடுக்கிற சமயத்தில் ஆறுமுகசாமியின் முகம் பல் பிடுங்கிக்கொள்கிறவர் முகம் மாதிரி ஆகிவிடும்.

கடைக்கு மேலே மாடியில் ஹேமந்த் குடியிருந்தான். எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி ஒன்றில் இன்ஜினியர், கல்யாணம் ஆகாதவன். வீட்டில் தமிழ்தான் பேச்சு என்றாலும் அவன் தமிழ் கன்னடத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வரும். தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஜூன் மாதம் கம்பெனி அவனைப் பயிற்சிக்காகப் புனாவுக்கு அனுப்பியது. தசராவுக்குத்தான் திரும்பி வருவான். வீட்டுச் சாவியை ஆறுமுகசாமியிடம் கொடுக்க வந்தவன், கையைப் பிடித்து மாடிக்கே அழைத்துப் போய்விட்டான்.

மேஜை மேல் வெள்ளைத் துணி போர்த்திய கம்ப்யூட்டர் இருந்தது. அறைக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னான். ஆறுமுகசாமி பழக்கதோஷத்தில் கும்பிட்டும் வைத்தார்.

“அண்ணா, மழைக்காலத்துல இது சும்மா இருந்தா உள்ளே பூஞ்சை பிடிச்சிடும். தினா ஸ்வல்ப நேரம் ஆன் பண்ணி வைங்க, சாகு, அது போதும்.”

“ஆன் பண்ணிப்போட்டு நானென்ன பண்றதுங் தம்பி? அது மூஞ்சிய நானும் எம்மூஞ்சிய அதும் பாத்துட்டு உக்காந்துக்கறதா?”

“ஒரு கேம் இருக்கு, நோடி, பாருங்க. கடை வைக்கிற கேம். உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.”

“நல்லாருக்குதே! நாள் பூராவும் கடையில உக்காந்துட்டு, பொழுது போக்கறதுக்கும் கடையா?”

இருந்தாலும் உட்கார்ந்தார். ஹேமந்த் சொல்லிக் கொடுத்தான். வாங்குவதற்கு ஒரு பொத்தான், விற்பதற்கு ஒரு பொத்தான், விலையை ஏற்ற இறக்க இரண்டு அம்புக்குறி. கடைசியில் கறுப்பாக, சதுரமாக, உள்ளங்கை அளவில் ஒரு ஃப்ளாப்பியைக் கொடுத்தான். அதன் ஓரத்தில் நகர்கிற மாதிரி சின்னத் தகரக் கதவு ஒன்று இருந்தது.

“எழுந்திருக்கும்போது இதுல சேவ் பண்ணிடுங்க. உங்க கடை பூரா இதுக்குள்ளேதான் இருக்கும். தூசி மட்டும் படக்கூடாது, தண்ணி படக்கூடாது.”

ஒரு கடை முழுவதும் சட்டைப்பைக்குள் அடங்கும் என்பது ஆறுமுகசாமிக்குப் பிடித்துப்போயிற்று. அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை தேடிப் போட்டு, பையில் வைத்துக்கொண்டார்.

விளையாட்டு இதுதான். கோட்டைக்கு வெளியே ஒரு சின்ன ஊர். அதில் ஒரு கடை. முதலாளி நாம். கோட்டைச் சிப்பாய்கள், தாடிக்கார மந்திரவாதி, ராணியின் வேலைக்காரி என்று ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். அவர்களுக்கு வாளும் கேடயமும் மந்திர மருந்தும் விற்க வேண்டும். நாம் ஒரு விலை வைத்தால், வந்தவரின் தலைக்கு மேல் வட்டமாக ஒரு குட்டி முகம் தோன்றும். சிரித்தால் விலை குறைவு, ஏற்றலாம். வாய் நேர்கோடாக இருந்தால் விலை சரி. கோணினால் இறக்கு. அவ்வளவுதான் வியாபாரம்.

முதல் நாள் அந்தக் குட்டி முகத்தைப் பார்த்ததும் ஆறுமுகசாமிக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வாங்குகிறவன் மனசில் இருப்பதை இப்படித் தலைக்கு மேல் எழுதிக் காட்டும் ஊர் ஒன்று இருக்கிறதா! விஜயநகரில் எல்லாருக்கும் ஒரே முகம். நெய் வாங்கினாலும் வேப்பம்புண்ணாக்கு வாங்கினாலும் அதே கசப்பு. இங்கே சிப்பாய் வந்தான், வாங்கினான், போனான். வாளை வாயில் போட்டு மென்று பார்க்கவில்லை. மருந்தில் புழு என்று திரும்பி வரவில்லை. பேரன் விசா கதை சொல்லவில்லை. முக்கியமாக, யாரும் கொசுறு கேட்கவில்லை. கொசுறுக்கு அந்த விளையாட்டில் பொத்தானே கிடையாது.

ஒரு கஷ்டம் மட்டும் இருந்தது. சரக்குக் கொள்முதலுக்குக் காட்டுக்குள் ஒரு குகைக்குப் போக வேண்டும். அங்கே வௌவால்களும் எலும்புக்கூடுகளும் அடிக்க வரும். சந்தேபேட்டையில் தரகர்களைச் சமாளித்தவருக்கு வௌவால் புதிதில்லை என்றாலும், பொத்தானைத் தேடுவதற்குள் அவை கடித்துவிடும். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், “இன்னிக்குக் கொள்முதலுக்குப் போன எடத்துல செத்துப் போயிட்டேன், பாப்பாத்தி. போட்டு கடிச்சு எடுத்துருச்சுங்க” என்று ரசத்தைப் பிசைந்துகொண்டே சொல்வார். முதல் தடவை அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அப்புறம் பழகிவிட்டது.

“இன்னிக்கு எத்தன வாட்டி செத்தீங்க?” என்று கேட்டுவிட்டு மோர் ஊற்றுவாள்.

தினம் கொஞ்ச நேரம் என்று ஆரம்பித்தது எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். ஜூலையில் மத்தியானத் தூக்கம் போயிற்று. அதற்கப்புறம் சாயங்கால வியாபாரத்திலும் அவர் மனசு மாடியில்தான் இருந்தது. கீழ்க்கடையில் உட்கார்ந்திருக்கும்போது கை தானாக அம்புக்குறிப் பொத்தானைத் தேடும். கரண்ட் போய், சேவ் பண்ணாத ஒரு நாள் வியாபாரம் அழிந்துவிட்டால், சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி கீழே இறங்கி வருவார். மின்சார இலாகாவை அவர் திட்டின திட்டில் பக்கத்துத் தையல்கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

இந்த நிலைமையில்தான் ஸரஸாம்மா பெருங்காயம் வாங்க வந்தாள்.

ஸரஸாம்மா தெருக்கோடி வீட்டு ஐயங்கார் மாமி. மேல்கோட்டை வழி வந்த குடும்பம். பெருங்காயத்திலும் காப்பிப் பொடியிலும் அவள் சொன்னதுதான் அந்தத் தெருவுக்குச் சட்டம். அவள் ஒரு கடையில் கால் வைத்தால் ஐந்தாறு வீடுகள் பின்னாலேயே வரும். காலை எடுத்தால் அவையும் போகும். அன்றைக்கு ஆறுமுகசாமி பெருங்காய டப்பியை எடுத்து வைத்தார், விலையைச் சொன்னார், சொல்லிவிட்டு அவள் உச்சந்தலைக்கு ஒரு சாண் மேலே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“என்னப்பா ஆறுமுகம், என் தலைக்கு மேலே என்ன பார்க்கறே?”

ஆறுமுகசாமி குட்டி முகத்துக்காகக் காத்திருந்தார்.

“பல்லியா?” என்றாள் ஸரஸாம்மா.

“ஒண்ணுமில்லீங்கம்மா” என்று கடைசியில் சொன்னார். ஆனால் கண்ணை அங்கிருந்து எடுக்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. தலையில் பல்லி விழுந்தால் என்ன பலன் என்று காலண்டருக்குப் பின்னால் அச்சடித்தே இருக்கிறது. அதைப் படித்தவர்கள் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. ஸரஸாம்மா பெருங்காயத்தையும் பையையும் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தலையை உதறிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். தலைமுழுகினாள், விளக்கேற்றினாள். சாயங்காலத்துக்குள் மாதேஸ்வரா ஸ்டோர்ஸ் கூரையிலிருந்து பல்லி மழையாகக் கொட்டுகிறது என்று தெரு முழுவதும் தெரிந்துவிட்டது. அந்த வாரம் கடைக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பாப்பாத்தி சத்தம் போடவில்லை. ஸரஸாம்மா வீட்டுக்குப் போய், விட்டுப்போன பையைக் கொடுத்து, என்னென்னவோ சொல்லிச் சமாதானம் செய்துவிட்டு வந்தாள். வந்து புருஷன் முன்னால் நின்றாள்.

“ஏனுங்க, நீங்க மாடிக் கடையப் பாத்துக்குங்க. இத நான் சித்த நாளைக்குப் பாத்துக்கறேன்.”

யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஸ்டூலை ஆறுமுகசாமி அன்றைக்கு எப்படி விட்டுக்கொடுத்தார் என்றால், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்குப் போனார். அவ்வளவு சந்தோஷம். என் இடத்தை யார் என்ன தூக்கிக்கொண்டா போகப்போகிறார்கள் என்ற தைரியம்.

ஆவணி முழுக்க மாடிக்கடை அமர்க்களப்பட்டது. வௌவால்கள் இப்போது அவரைக் கண்டால் ஒதுங்கின. கடை இரண்டு மாடி ஆயிற்று, வாசலில் கொடி பறந்தது, ராணியே ஒரு தடவை நேரில் வந்து கிரீடம் வாங்கிப் போனாள். காலையில் விளையாட்டை ஆரம்பிக்கும் முன் ஊதுவத்தி காட்டி, முதலில் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாமல் போணி பண்ணினார். மந்திரவாதி முகம் கோணினாலும் விலையை இறக்கிக் கொடுத்துவிடுவார். போணி என்று ஒன்று இருக்கிறதல்லவா.

ஆனால் சிப்பாய்க்குத் தெரிந்தது மூன்று வாக்கியம். ராணிக்கு இரண்டு. மந்திரவாதி ஒவ்வொரு நாளும் தாடியை ஆட்டி, எழுத்துக்கு எழுத்து அதே பேச்சைப் பேசினார். அவர் முதலாளியை நேற்று பார்த்தவர் மாதிரியே தெரியவில்லை. ஒரு நாள் மழை கொட்டிக்கொண்டிருந்தது; ஆறுமுகசாமிக்கு மூட்டை தூக்கிய காலத்துப் பழைய வலி முழங்காலில் எழுந்திருந்தது. திரையைப் பார்த்து, “சாமி, இந்த முட்டிக்கு ஏதாச்சும் மருந்து இருக்குதுங்களா?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். மந்திரவாதியின் தலைக்கு மேல் சிரிக்கிற முகம் வந்தது. வலிக்கிறது என்கிறேன், சிரிக்கிறானே என்று அவருக்குக் கோபம் வந்தது. அப்புறம் கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். இந்த முழங்காலைப் பற்றி விஜயநகரில் சொல்லியிருந்தால் இதற்குள் ஆறு தைலத்தின் பெயர் வந்திருக்கும் என்று தோன்றியது. ரவையில் புழு என்று யாராவது வந்து சண்டை போட்டால்கூடத் தேவலை என்று இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் கீழே இறங்கிப் போனார். பாப்பாத்தி சமையலுக்குப் போயிருந்தாள். ஸ்டூல் காலியாக இருந்தது. ஆசையாக உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஏதோ தப்பாக இருந்தது. ஸ்டூல் ஆடவில்லை. கட்டைக்காலுக்குத் தச்சரைக் கூப்பிட்டு ஒரு துண்டு ஒட்டியிருந்தாள். பாப்பாத்திக்கு இடக்கைப் பழக்கம். அதனால் தராசு இடது பக்கம் போயிருந்தது. கல்லா வலது பக்கம் வந்திருந்தது. கருவேப்பிலை ஒரு வாளித் தண்ணீரில், வாங்குகிறவர்கள் தாங்களே ஒடித்துக்கொள்கிற மாதிரி, கடைக்கு வெளியிலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு வயிறு எரிந்தது.

கமலம்மாள் என்ற ரிட்டயர்டு டீச்சர் வந்தாள். ஸ்டூலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“அக்கா இல்வா?”

“நான் இருக்கறனே, சொல்லுங்க.”

“பர்வாகில்ல, அக்கா வரட்டும்” என்று கருவேப்பிலை வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். அடுத்து வந்தவரும் அதையே கேட்டார், அவளோடு சேர்ந்து நின்றார். மூன்றாவதாக வந்தது ஸரஸாம்மா. அவள் ஒன்றும் கேட்கவில்லை. குடையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள்.

பாப்பாத்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்ததும் கூட்டம் மலர்ந்தது. “பேரனுக்கு விசா வந்துருச்சுங்களா?” என்று அவள் ஒருவரைக் கேட்டாள். ஆறுமுகசாமி எழுந்து இடம் விட்டார். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை, தானாகவே எழுந்துவிட்டார். படி ஏறும்போதுதான் அது அவருக்குப் புரிந்தது, புரிந்ததும் பயமாக இருந்தது. இத்தனை வருஷம் முதுகு வளைந்து சம்பாதித்த இடம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. எப்படியாவது ஸ்டூலை மறுபடி பிடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்தார். நேராகக் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. நல்ல நாள் பார்த்து, நைசாகப் போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

நல்ல நாள் தசராவோடு வந்தது. ஆயுதபூஜைக்கு முந்தின நாள் ஹேமந்த் திரும்பி வந்தான். கம்ப்யூட்டரில் ஒரு பொட்டுப் பூஞ்சை இல்லாததைக் கண்டு மகிழ்ந்து போனான். “அண்ணா, இனிமே ஞாயித்துக்கிழமை வந்து ஆடுங்க. உங்க கடை உங்ககிட்டயே இருக்கட்டும்” என்று ஃப்ளாப்பியை அவரிடமே விட்டுவிட்டான்.

ஆயுதபூஜை என்றால் மைசூரில் சைக்கிள் பம்ப்கூட மாலை போட்டுக்கொண்டு நிற்கும். தொழில் செய்கிற கருவி எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, அம்மன் படத்துக்கு முன்னால் அடுக்க வேண்டும். அடுக்கிவிட்டால் மறுநாள் விஜயதசமி வரை தொடக்கூடாது. பாப்பாத்தி தராசையும் எடைக்கற்களையும் கத்தியையும் புனலையும் அடுக்கினாள். ஸ்டூலையும் துடைத்து, நாலு காலிலும் பொட்டு வைத்து, படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நாளைக் காலை வரை அதில் யாரும் உட்கார முடியாது. நாளைக் காலை யார் முந்துகிறாரோ அவர் உட்காரலாம். ஆறுமுகசாமிக்கு மூக்கில் வேர்த்தது.

அப்போதுதான் சட்டைப்பை கனத்தது. கீழ்க்கடைக்கு இவ்வளவு பூஜை நடக்கிறது. மாடிக்கடை என்ன பாவம் செய்தது? பாப்பாத்தி வாசலில் உடைக்கப் பூசணிக்காய்க்குள் குங்குமம் போட்டுக்கொண்டிருந்த சமயம், ஃப்ளாப்பியை உறையிலிருந்து எடுத்தார். நாலு மூலையிலும் சந்தனம் வைத்தார். மனசு ஒப்பவில்லை. கதவைச் சாத்தி வைத்துவிட்டு எந்தக் கடைக்கு யார் பூஜை செய்கிறார்கள்? தகரக் கதவை விரலால் நகர்த்தினார். உள்ளே வழவழவென்று கறுப்பாகத் தெரிந்தது. அதுதான் கடை என்று புரிந்துகொண்டு, அதன் நடுநெற்றியில் பெரிதாக ஒரு சந்தனப் பொட்டும் அதன் மேல் குங்குமமும் வைத்தார். தூசி படவில்லை. தண்ணீர் படவில்லை. ஹேமந்த் சொன்னதை அவர் ஒருபோதும் மீறியதில்லை. கதவை மெல்லச் சாத்தி, எடைக்கற்களுக்குப் பின்னால் மறைவாக வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

விஜயதசமிக் காலையில் பாப்பாத்தி எழுந்திருக்குமுன் குளித்துவிட்டார். பூஜை இடத்திலிருந்து ஸ்டூலைத் தூக்கிக் கொண்டுபோய்க் கல்லாவுக்குப் பின்னால் வைத்தார். தராசையும் எடுத்து வந்து வலது பக்கம் வைத்தார். உட்காரப் போனவர் நிதானித்தார். மாடிக்கடைக்கும் இன்று விஜயதசமிதான். ஓடிப்போய் ஒரே ஒரு போணி பண்ணிவிட்டு வந்துவிட்டால் இரண்டு கடைக்கும் நல்லது. ஸ்டூலின் மேல் துண்டைப் போட்டார், நன்றாக விரித்தே போட்டார். ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

ஹேமந்த் கொட்டாவியோடு கம்ப்யூட்டரைப் போட்டான். ஃப்ளாப்பி உள்ளே போனதும் சந்தனக்கட்டை அரைக்கிற மாதிரியே ஒரு சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. அதன் பிறகு வேறு சத்தம் எதுவும் வரவில்லை. ஹேமந்த் அதை வெளியே எடுத்து, தகரக் கதவைத் திறந்து பார்த்தான். வட்டமாகக் குங்குமக் கோடு ஓடியிருந்தது.

“அண்ணா, இது ஏனு?”

“பூசை, தம்பி.”

ஹேமந்த் சிரிக்கத்தான் ஆரம்பித்தான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். இரண்டு மாடிக் கடை, கொடி, கிரீடம் வாங்கிய ராணி, மூன்று வாக்கியச் சிப்பாய், எல்லாம் போய்விட்டது. ஃப்ளாப்பியைப் படிக்கிற டிரைவும் போய்விட்டது; ஆனால் அதை அவன் அவரிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. நல்ல பையன்.

ஆறுமுகசாமி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். போனது போகட்டும், கீழே துண்டு இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டார். கடைக்கு முன்னால் கூட்டம். துண்டு இருந்தது. நாலாக மடித்து, பிஸ்கட் டப்பா மேல் அழகாக வைத்திருந்தது. ஸ்டூலில் பாப்பாத்தி. தராசு இடது பக்கம்.

உள்ளே போகிற பலகைக் கதவைத் திறந்து போயிருக்கலாம். அவருடைய கடைதானே. ஏனோ கால் வரவில்லை. வாங்குகிறவர்களோடு வரிசையில் நின்றுவிட்டார். ஸரஸாம்மாவின் பெருங்காயம் ஆயிற்று. கமலம்மாளின் கடுகு ஆயிற்று. அவர் முறை வந்தது. பாப்பாத்தி நிமிர்ந்தாள். கண்ணில் குறும்பு இருந்தது.

“உங்களுக்கென்னுங்க வேணும்?”

“எடம்” என்றார் ஆறுமுகசாமி.

“அது யாவாரத்துக்கு இல்லீங்க.”

கூட்டம் சிரித்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார், வாய் ஒத்துழைக்கவில்லை. பாப்பாத்தியின் குறும்பு போய்விட்டது. அவருடைய தலைக்கு மேல் ஒன்றும் பார்க்கவில்லை அவள். நேராக முகத்தைப் பார்த்தாள், அதில் எல்லாம் இருந்தது. வெல்லக் கட்டியில் ஒரு துண்டு உடைத்து, குழந்தைகளுக்குக் கொடுக்கிற மாதிரி அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

“பொறத்தால மணை காலியாத்தான் கெடக்குது. துவரை வந்திருக்குது, பொட்டலம் கட்டோணும்.”

ஆறுமுகசாமி பின்னறைக்குப் போனார். மணையில் உட்கார்ந்தார். முழங்கால் வலித்தது. வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு கடைப்பக்கம் பார்த்தார். நிலைப்படிக்கும் மூட்டைகளுக்கும் இடையில், கல்லாப் பலகைக்கு அடியில், வெளியே நிற்பவர்களின் செருப்புகள் மட்டும் தெரிந்தன. சாக்கடைக் கல் தெரிந்தது. தெருமுனை தெரியவில்லை. எந்த முகமும் தெரியவில்லை. இத்தனை வருஷமாகப் பாப்பாத்தி பார்த்துக்கொண்டிருந்த மைசூர் இதுதானா என்று அவருக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. மூட்டை தூக்கியவனுக்காவது சாயங்காலம் நிமிரக் கிடைத்தது.

காகிதத்தை எடுத்தார், பருப்பை அள்ளினார், சுருட்டினார், நூலைச் சுற்றினார். முதல் பொட்டலம் பிரிந்து பருப்பெல்லாம் தரையில் ஓடியது.

“சித்த இறுக்கிக் கட்டுங்க” என்று திரும்பிப் பார்க்காமலே பாப்பாத்தி சொன்னாள். “மொதல்ல எனக்கும் அப்படித்தான் பிரிஞ்சுது.”